சாக்கின் மேல் நான்கு கால்கள்

நாய்க்குட்டி வளர்க்கும் வீடுகளில் தினமும் நடப்பது இது. நான்கு மாதக் குட்டியை எதிரே நிறுத்தி ‘சிட், சிட், சிட்’ என்று தொண்டை வறளச் சொல்கிறோம். அது வாலை ஆட்டியபடி நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே குட்டி கொல்லையில் அயர்ந்து தூங்கும்போது அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், அடுத்த நொடி காலடியில் வந்து நிற்கும். சங்கிலியை ஆணியிலிருந்து எடுத்தால் வெளியே போகிறோம், வண்டிச் சாவியை எடுத்தால் தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள், ஊசி போட்ட டாக்டரின் தெரு வந்தால் நடையை நிறுத்திவிட வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை. இவ்வளவையும் தானாகக் கற்றுக்கொண்ட குட்டிக்கு, நாம் மெனக்கெட்டுச் சொல்லித்தருவது மட்டும் ஏன் ஏறுவதில்லை?

பிடிவாதம் என்பார்கள் சிலர். நாட்டு நாய்க்கு அவ்வளவுதான் புத்தி என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தெருவில் பிறந்து போக்குவரத்துக்கு நடுவே பிழைத்துக் கிடக்கும் ஜீவனுக்குப் புத்தி குறைவு என்று சொல்ல மனசு எப்படி வருகிறது? குறை குட்டியிடம் இல்லை. பாக்கெட் ஓசையிடம் இருக்கும் இரண்டு குணங்கள் நம் பாடத்தில் இல்லை. அந்த ஓசை கேட்டால் அநேகமாகத் தீனி வரும். வந்தால் உடனே வரும்.

பூனை திறந்த தாழ்ப்பாள்

1898-ல் நியூயார்க்கில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற இளைஞர், விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பது பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மரச்சட்டங்களால் தாமே அடித்துச் செய்த கூண்டுகளில் பசித்த பூனைகளை விட்டார். கூண்டுக்கு வெளியே தீனி. உள்ளே தொங்கும் ஒரு வளையத்தை இழுத்தாலோ ஒரு கட்டையை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை சட்டத்தைக் கடிக்கும், பிறாண்டும், இடுக்கில் கையை விடும். இந்த அமளியில் ஏதோ ஒரு கணம் கால் வளையத்தில் பட்டுக் கதவு திறந்துவிடும்.

அதே பூனையை அதே கூண்டில் மறுபடி மறுபடி விட்டபோது, வெளியே வர அது எடுத்துக்கொண்ட நேரம் ஏறியிறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ‘ஓ, இதுதானா சங்கதி’ என்று ஒரே கணத்தில் விளங்கிக்கொண்ட அறிகுறி எதுவும் தெரியவில்லை. பலன் தந்த அசைவுகள் தங்கின, தராதவை உதிர்ந்தன. இதற்கு அவர் வைத்த பெயர் ‘விளைவு விதி’.

இந்த விதியில் நேரம் மிக முக்கியம். உங்கள் குட்டி தற்செயலாக உட்காருகிறது. மகிழ்ந்துபோய் அடுக்களைக்குப் போகிறீர்கள், டப்பாவைத் திறந்து பிஸ்கட் எடுத்துத் திரும்புகிறீர்கள். குட்டி அதற்குள் எழுந்து உங்கள் பின்னாலேயே ஓடி வந்து முழங்காலில் தாவிக்கொண்டிருக்கிறது. பிஸ்கட் அதன் வாய்க்குள் போகிறது. நீங்கள் உட்கார்ந்ததற்குக் கொடுத்தீர்கள், அது தாவியதற்கு வாங்கிக்கொண்டது. நாளை இன்னும் உற்சாகமாகத் தாவும்.

மாவு மில்லின் மாடியில்

தார்ன்டைக்கின் வழியில் ஒரு சிக்கல் உண்டு. பூனை தற்செயலாக வளையத்தில் கால் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தற்செயலாக ஒருபோதும் நடக்காத காரியத்தை எப்படிக் கற்பிப்பது?

இதற்கு விடை கிடைத்த இடம் வினோதமானது. 1943-ல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் பி. எஃப். ஸ்கின்னரும் அவருடைய கூட்டாளிகளும் புறாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். குண்டுகளை இலக்குக்கு வழிநடத்தப் புறாக்களைப் பழக்குவது அவர்களுக்குக் கிடைத்திருந்த ராணுவ வேலை. வேலையில்லாத ஒரு பொழுதில், ஒரு புறாவுக்குப் பந்து விளையாடக் கற்றுத்தரலாமே என்று தோன்றியது. மரப்பந்தை அலகால் தட்டினால் தானியம் என்று ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். புறா பந்தைச் சீண்டவே இல்லை. பொறுமையிழந்து, பந்தின் பக்கம் பார்த்தாலே தானியம் என்று மாற்றினார்கள். பிறகு, தலை பந்தை நோக்கி நகர்ந்தால். பிறகு, அலகு பட்டால். சில நிமிடங்களில் பந்து பெட்டியின் சுவர்களில் மோதி மோதித் திரும்பியது.

வேண்டிய செயல் முழுசாக வரும்வரை காத்திராமல், அதன் சாயல் தெரியும் சிறு அசைவுக்கே பலன் தந்து, பிறகு அளவுகோலைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவதை இந்நூலில் ‘வனைதல்’ என்று அழைப்போம். பலன் தந்து ஒரு செயலை மேலும் வரச் செய்வதற்கு ‘வலுவூட்டல்’ என்று பெயர். இந்த அத்தியாயத்துக்கு இந்த இரண்டு சொற்கள் போதும்.

அந்தக் கணத்தைப் பிடித்து வைப்பது

குட்டி காலைத் தூக்கும் அரை நொடியில் அதன் வாய்க்குள் தீனியைக் கொண்டுபோய் வைக்க யாராலும் முடியாது. ‘இதற்குத்தான், இப்போது செய்தாயே இதற்குத்தான்’ என்று சொல்ல ஓர் ஒலி வேண்டும். அதைக் குறிப்பொலி எனலாம். விரலால் அழுத்தினால் சத்தம் தரும் ‘கிளிக்கர்’ என்ற சிறு பிளாஸ்டிக் பெட்டி கடையில் கிடைக்கிறது. நாக்கைச் சொடுக்கி ‘டக்’ என்றாலும் சரிதான்.

ஒலிக்கு அந்த அர்த்தம் தானாக வராது. முதலில் ‘டக்’, உடனே ஒரு துண்டுத் தீனி என்று பத்துப் பதினைந்து முறை கொடுத்தால், ஒலி கேட்டதும் குட்டி தீனியை எதிர்பார்த்துத் தலையைத் திருப்பும். ரஷ்யாவில் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்களுக்கு உணவு வருமுன்னே அதன் அறிகுறிக்கு எச்சில் ஊறியது இதே காரணத்தால்தான்.

ஒலிதான் என்றில்லை, ஒளியும் போதும். 1952-ல் ‘லுக்’ என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காக ஸ்கின்னர், ஆக்னஸ் என்ற டால்மேஷியன் நாயைச் சுவரில் தாவ வைத்தார். சுவரில் கிடைக்கோடுகள் வரைந்து, நாயின் தலை ஒரு கோட்டைத் தாண்டும்போதெல்லாம் புகைப்படக்காரரின் ஃபிளாஷ் விளக்கை மின்ன வைத்து, பிறகு தீனி கொடுத்தார். சுமார் இருபது நிமிடத்தில் நாய் சுவரேறித் தாவியது.

கிளிக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்களை நம்பிக் கவலைப்பட வேண்டாம். இத்தாலியில் 51 நாய்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு பெட்டியைத் திறக்கக் கற்பதில் கிளிக்கர் கேட்ட நாய்கள், ஒரு பாராட்டுச் சொல்லைக் கேட்ட நாய்கள், வெறும் தீனி மட்டும் பெற்ற நாய்கள் ஆகிய மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. என் பார்வையில் குறிப்பொலியால் அதிகம் திருந்துவது மனிதர்தான். ‘டக்’ என்று சொல்ல வேண்டிய கணத்தைத் தவறவிடக் கூடாது என்பதால் குட்டியை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறோம்.

ஒரு சாக்கு, ஒரு குட்டி

இனி ஒரு பாடத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை பார்க்கலாம். காலிங்பெல் அடித்தால் வாசலுக்கு ஓடி விருந்தாளி மேல் தாவும் குட்டி, அதற்குப் பதில் ஓரமாக விரித்த சாக்கில் போய்ப் படுக்க வேண்டும். இதுதான் இலக்கு.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, சந்தடியில்லாத அறை. வேகவைத்த கோழியை நிலக்கடலை அளவுக்குப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், சாக்லேட், திராட்சை (உலர்ந்ததும்) நாய்க்கு நஞ்சு, கிட்டே வரக் கூடாது. கொடுப்பதை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

சாக்கை நான்காக மடித்துத் தரையில் போடுகிறீர்கள். புதிதாக ஏதோ விழுந்ததே என்று குட்டி திரும்பிப் பார்க்கிறது. ‘டக்’. ஒரு துண்டைச் சாக்கிலிருந்து தள்ளித் தரையில் எறிகிறீர்கள். தள்ளி எறியக் காரணம், தின்றுவிட்டுக் குட்டி மறுபடி சாக்கை நோக்கி வர ஒரு வாய்ப்பு வேண்டும். தின்றது. திரும்பியது. சாக்கைப் பார்த்தது. ‘டக்’.

நாலைந்து முறைக்குப் பிறகு பார்வைக்குக் கூலி இல்லை, ஓர் எட்டு எடுத்து வைத்தால்தான். இங்கே குட்டி சாக்கை மறந்துவிட்டுக் கிண்ணத்தை மோப்பம் பிடிக்கும். உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒரு குரைப்பு. உங்கள் கை தானாகச் சாக்கைச் சுட்டிக்காட்டப் போகும், வாய் ‘அங்க போ’ என்று சொல்லத் துடிக்கும். இரண்டையும் அடக்கிக்கொள்ளுங்கள். குட்டியின் தோளைப் பாருங்கள். காலைத் தூக்குவதற்கு முன் உடல் எடை ஒரு பக்கத் தோளுக்கு மாறும், மறுபக்கத் தோள் லேசாகத் தளரும். அந்தத் தளர்வு தெரிந்து, கால் சாக்கின் திசையில் எழும்பும்போதே ‘டக்’. கால் தரையில் படும்வரை காத்திருந்தால் பாதி நேரம் பிந்திவிடுவீர்கள்.

அடுத்த திருப்பம் பெரும்பாலும் தற்செயலாக வரும். எறிந்த துண்டைத் தேடிக் குறுக்கே போகும்போது முன்னங்கால் ஒன்று சாக்கில் பட்டுவிடும். ‘டக்’ என்று சொல்லிவிட்டு ஒன்றல்ல, மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாக்கின் மேலேயே வையுங்கள். புது முன்னேற்றத்துக்குத் தாராளமாகக் கொடுப்பது வீண்போகாது.

முன்னங்கால் இரண்டும் சாக்கில், பின்னங்கால் இரண்டும் தரையில், கழுத்து கிண்ணத்தை நோக்கி நீண்டபடி – இந்த நிலையில் பல குட்டிகள் சிக்கிக்கொள்ளும். ஏன் என்பது எளிது: இதுவரை முன்னங்கால்களுக்குத்தான் கூலி கிடைத்தது, பின்னங்கால்கள் இந்தக் கணக்கில் இருப்பதே அதற்குத் தெரியாது. கிண்ணத்தைச் சாக்கின் மறுபக்கம் மாற்றிவிட்டு நில்லுங்கள். கழுத்து நீளும் திசையில் உடம்பும் நகரும், ஒரு பின்னங்கால் ஏறும். ‘டக்’.

அளவை எப்போது உயர்த்துவது? பயிற்சியாளர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு இது. ஐந்துக்கு நான்கு சரியாக வந்தால் ஒரு படி ஏறு. அடுத்தடுத்து இரண்டு தவறினால் ஒரு படி இறங்கு. இறங்குவதை அவமானமாக நினைப்பவர்களிடம்தான் குட்டிகள் குழம்பிப்போகின்றன.

நான்கு காலும் சாக்கில் வந்தபின் படுப்பது கடினமில்லை. துண்டுகளைத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் முழங்கை மடியும். மடிந்ததும் ‘டக்’. பிறகு, படுத்தே இருக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். ஒரு நொடி, மூன்று நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி என்று ஏற்றியும் இறக்கியும் நீட்டுங்கள். ஒரே சீராக ஏற்றினால் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கஷ்டம் என்பதையே குட்டி கற்றுக்கொள்ளும், எழுந்து போய்விடும்.

தீனியை மூக்குக்கு நேரே காட்டிச் சாக்குவரை இழுத்துப் போனால் ஒரு நிமிடத்தில் காரியம் முடியுமே என்று கேட்கலாம். முடியும். உட்காரக் கற்பிக்க நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூக்கு கையைத் தொடரும்போது கால்கள் எங்கே போகின்றன என்பது குட்டியின் கவனத்தில் இருப்பதில்லை. கை மறைந்தால் பாடமும் மறையலாம். சாக்கைத் தானே தேடிக் கண்டுபிடித்த குட்டி, மறுநாள் சாக்கை விரித்த உடனே ஓடி வந்து நான்கு காலையும் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும்.

கூலி நின்ற இடத்தில்

மேலே சொன்ன பாடத்தில் குட்டி குரைத்ததும் மோப்பம் பிடித்ததும் வீண் என்று தோன்றலாம். வனைதலின் கச்சாப் பொருளே அதுதான். இதுவரை கிடைத்த பலன் திடீரென நின்றால் விலங்கு பல நேரம் முதலில் அதே செயலை இன்னும் வேகமாக, இன்னும் அழுத்தமாகச் செய்யும். பிறகு மாற்றி மாற்றிச் செய்துபார்க்கும். அந்த மாற்றங்களுக்குள்தான் அடுத்த படி ஒளிந்திருக்கும். அதனால்தான் கூலியைச் சற்று நிறுத்துகிறோம். நீண்ட நேரம் நிறுத்தினால் குட்டி சோர்ந்து படுத்துவிடும், எனவே இந்த இடைவெளி சில நொடிகளாகவே இருக்க வேண்டும்.

வீட்டில் நாம் அறியாமல் எதிர்ப்பாடம் நடத்துவதும் இங்கேதான். சாப்பாட்டு மேசைக்கடியில் குரைக்கும் குட்டிக்கு ஒன்றும் தருவதில்லை என்று முடிவெடுக்கிறோம். குரைப்பு உச்சத்துக்குப் போகிறது. தாங்க முடியாமல் தாத்தா ஒரு துண்டு இட்லியைப் போட்டுவிடுகிறார். உச்சக் குரைப்புக்குத்தான் கூலி உண்டு என்பது அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது.

இந்த மாற்றிச் செய்துபார்க்கும் குணத்தையே ஒரு பாடமாக்க முடியுமா? ஹவாயில் ‘ஸீ லைஃப் பார்க்’ என்ற கடற்காட்சியகத்தில் கேரன் ப்ரையர் அதைச் செய்தார். மாலியா என்ற டால்பினுக்கு, அதற்கு முன் செய்யாத ஒன்றைச் செய்தால் மட்டுமே மீன். சில நாள் தடுமாற்றத்துக்குப் பிறகு மாலியா யாரும் கற்றுத்தராத தாவல்களையும் சுழல்களையும் வரிசையாகக் காட்டத் தொடங்கியது. ஹோ என்ற இன்னொரு டால்பினிடம் கவனமாகப் பதிவுசெய்து அதை மறுபடி சோதித்தார்கள்; ஆய்வு 1969-ல் வெளியானது. நாய் பயிற்சியில் குறிப்பொலியோடு வனையும் முறையைப் பரப்பியதில் ப்ரையருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலி அட்டைப்பெட்டியை நடுவில் வைத்து, குட்டி அதனோடு செய்யும் ஒவ்வொரு புதுச் சேட்டைக்கும் ‘டக்’ சொல்லிப் பாருங்கள். மழை நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குட்டிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

சொல் கடைசியில்

இவ்வளவு நேரமாக ஒரு கட்டளைகூட வரவில்லை. குட்டி சாக்கில் போய்ப் படுப்பது உறுதியாக நடக்கத் தொடங்கியபின், அது கிளம்பும் கணத்துக்கு முன் ‘சாக்கு’ என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். செயலோடு சொல் ஒட்டிக்கொள்ளும். செயலே இல்லாதபோது சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், காதில் விழும் மற்ற வீட்டுச் சத்தங்களோடு அதுவும் ஒன்றாகிவிடும்.

பிறகு அந்தச் சொல்லின் இடத்தில் காலிங்பெல். முதலில் வாசலில் யாரும் இல்லாமல் வெறும் மணியோசை. கேட்டதும் ‘சாக்கு’, போய்ப் படுத்ததும் கூலி. புதிதாக ஒரு கஷ்டத்தைச் சேர்க்கும்போது மற்றதைத் தளர்த்த வேண்டும். மணி அடித்த முதல் நாள் ஒரு நொடி படுத்தாலே போதும்.

‘தப்பு பண்ணிட்டு முழிக்குது’

செருப்பைக் கடித்துப் போட்டுவிட்டுக் காதைத் தொங்கவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கும் முகம் எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட சோதனையில், தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தோடு நாயைத் தனியே விட்டார்கள். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினால் முகம் வந்தது, ஒன்றுமே செய்யாத நாய்க்கும் வந்தது. அது நம் குரலைக் கண்டு பயந்த முகம்.

அடியும் அதட்டலும் என்ன செய்யக் கூடாது என்று ஒருவேளை சொல்லலாம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே சொல்லாது. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், அதட்டலும் கழுத்துப்பட்டை இழுப்பும் நிறைந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிகப் பதற்றம் காட்டின. அவற்றின் எச்சிலில் மன அழுத்தத்தோடு உயரும் கார்ட்டிசால் கூடியிருந்தது. உள்ளே தீனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற கிண்ணத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கியே போயின. நல்லதை எதிர்பார்க்கும் துணிவு குறைந்துவிட்டது. குட்டிகளை அடித்து வளர்ப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். அது குட்டிக்குத் தீங்கு என்பதற்குச் சான்றும் இருக்கிறது.

குறைவாகப் போதும்

டென்மார்க்கில் 44 பீகிள் நாய்களுக்கு ஒரு கூடையில் போய் இருக்கக் கற்பித்தார்கள். நம் சாக்குப் பாடத்தின் உடன்பிறப்பு. 2011-ல் வெளியான முடிவின்படி, வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் பயிற்சி பெற்றவை, தினமும் பெற்றவற்றைவிடக் குறைந்த பாடங்களில் கற்றன. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாமே பாடத்தை நினைவில் வைத்திருந்தன. குட்டி இன்னும் ஆசையோடு நிற்கும்போதே கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நிமிடம் தாராளம்.

இயல்பின் இழுப்பு

மாவு மில்லில் ஸ்கின்னரோடு இருந்தவர்களில் ஒருவர் கெல்லர் ப்ரெலண்ட். அவரும் மனைவி மரியனும் பிறகு விலங்குப் பயிற்சியையே தொழிலாக எடுத்து, கோழி முதல் ரக்கூன்வரை பழக்கினார்கள். 1961-ல் தங்கள் தோல்விகளை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மரக்காசைத் தூக்கிப்போய் உண்டியலில் போடக் கற்ற பன்றி, சில வாரங்களில் காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ரக்கூன் இரண்டு காசுகளைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இரை தேடும் பழைய இயல்பு, வனைந்த செயலை மெல்ல விழுங்கிவிட்டது.

நாய்களிலும் இது உண்டு. மோப்பத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட பீகிளின் மூக்கு தரையை விட்டு எழும்ப மறுக்கும். கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைக்கு வளர்ந்த சிப்பிப்பாறையின் முன் ஒரு முயல் ஓடினால், கையிலிருக்கும் கோழித் துண்டுக்கு மதிப்பே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பாடத்தை அமைத்தால் இயல்பே உதவிக்கு வரும். மூக்கால் உலகை அறியும் குட்டிக்கு, ஒளித்து வைத்ததைத் தேடும் விளையாட்டே கூலியாகும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது

1990-களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றபின் துடிப்பு விளக்குக்கு நகர்ந்தது, சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வர வேண்டிய அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தையே இந்தச் செல்கள் கணக்கு வைக்கின்றன. குறிப்பொலி தீனி அளவுக்கு மதிப்புப் பெறுவதற்கும், முதல் முறை கிடைத்த மூன்று துண்டுகள் ஆழமாகப் பதிவதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

நாயின் மூளையில் இதைப் பார்க்க, வனைதலே கருவியானது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், நாய்களை மயக்கமருந்து இல்லாமல், கட்டிப்போடாமல் எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார். காதைப் பிளக்கும் இரைச்சல், தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெடும். நாய் முதலில் ஒரு நுரைத்திண்டில் தாடையை வைக்கக் கற்றது, பிறகு வைத்தபடி சில நொடி, பிறகு போலிக் குழாய்க்குள், பிறகு பதிவுசெய்த இரைச்சலை மெல்ல ஏற்றி, காதுமூடியோடு. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது விதி. 2012-ல் வெளியான முதல் முடிவில், ‘தீனி உண்டு’ என்ற கைசாடையைக் கண்டதும் காடேட் என்ற பகுதி விழித்தெழுந்தது. டோபமின் ஏராளமாக வந்து சேரும் இடம் அது. ‘தீனி இல்லை’ என்ற சாடைக்கு அப்படி எழவில்லை.

அதே குழு 2016-ல் 15 நாய்களிடம், தீனிக்கான அறிகுறியையும் வளர்ப்பவரின் பாராட்டுக்கான அறிகுறியையும் ஒப்பிட்டது. ஒன்பது நாய்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. நான்கு நாய்களின் மூளை பாராட்டுக்கே அதிகம் எழுந்தது. இரண்டுக்குத் தீனிதான் பெரிது. எந்தக் கூலி உயர்ந்தது என்பதை நாய்தான் முடிவுசெய்கிறது. ஆகவே பாடம் தொடங்குமுன் உங்கள் குட்டியிடமே கேட்டுவிடுங்கள். கோழித் துண்டு, பழைய டென்னிஸ் பந்து, கயிறு இழுக்கும் விளையாட்டு, மார்பைச் சொறிந்துவிடுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து நிறுத்துங்கள். எதற்கு அது திரும்ப வந்து உங்கள் கையை முட்டுகிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம். சில குட்டிகளுக்கு வாசல் கேட்டைத் திறந்து வெளியே விடுவதே எல்லாவற்றையும்விடப் பெரிய கூலி. அப்படியானால் சாக்கைக் கேட்டுக்குப் பக்கத்தில் விரியுங்கள்.